ஓய்வறியாத கல்வி

தேர்வு நெருங்கும் மாதங்களில் நள்ளிரவுக்குப் பின்னர் ஊர்த் தெருவழியே நடந்து செல்வோர், வீடுகள் யாவும் இருண்டிருக்க, ஓரிரண்டு பலகணிகளில் மட்டும் விளக்கொளி தெரிவதைக் கண்டிருப்பர். அவ்விளக்கின் முன்னே ஒரு மாணவன் அமர்ந்திருக்கின்றான். எதிரே புத்தகம் விரிந்து கிடக்கின்றது. அவன் கண்கள் வரிகளின்மேல் ஓடுகின்றன. ஆனால், ஒரு வரியேனும் நெஞ்சில் பதியவில்லை. ஒரே பக்கத்தை மூன்றாம் முறையாகப் படிக்கின்றான். சென்ற ஆண்டில் அவன் விரும்பிப் படித்த பாடம் அது. இன்று அதன் பெயரைக் கேட்பதும் அவனுக்குக் கசக்கின்றது. விடிந்ததும் வீட்டார் அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வர். அவனும் அதனை நம்பிவிடுவான்.

அவனிடம் உள்ளது சோம்பல் அன்று. சோம்பல் என்பது உழைப்பைத் தொடங்கவே அஞ்சும் இயல்பு. உழைத்து உழைத்து, உழைப்பின் சுவையையே இழந்துவிட்ட நிலை வேறு. பகலெல்லாம் ஏர் பிடித்தவன் இரவில் அயர்ந்து உறங்கினால் மறுநாள் தெளிவோடு எழுகின்றான். அறிவுத் துறையில் நேரும் இக்களைப்போ ஓரிரவு உறக்கத்தால் நீங்குவதில்லை. கிணற்றில் ஊறும் நீரைக் காட்டிலும் இறைக்கும் நீர் மிகுதியாயின், வாளி ஒரு நாள் சேற்றைத்தான் முகந்து வரும். இறைப்பவன் கையில் வலிமை இல்லை என்று அப்பொழுது பழிப்பது முறையன்று.

இத்தகைய சோர்வு நம் காலத்தில் புதிதாகத் தோன்றியதும் அன்று. மந்த அறிவினருக்கு மட்டும் வருவதும் அன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவர், தம் இருபதாம் வயதில் இதற்கு ஆட்பட்டுப் பெரிதும் வருந்தினார்; பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவரே ஜான் ஸ்டூவர்ட் மில்.

ஜான் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் அவரே மூத்தவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அவ்வூர்ப் பகுதியில் வாழ்ந்த சர் ஜான் ஸ்டூவர்ட் என்னும் செல்வரின் உதவியால் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அந்நன்றி மறவாமையினாலேயே தம் மூத்த மகனுக்கு அச்செல்வரின் பெயரை இட்டார். கல்வி ஒன்றே தம்மைத் தாழ்நிலையிலிருந்து உயர்த்தியது என்பதை ஜேம்ஸ் மில் ஒருபோதும் மறக்கவில்லை. ஏழ்மையில் படித்து முன்னேறிய தந்தையர் பலரிடம் நாம் காணும் பரபரப்பு அவரிடமும் இருந்தது. தாம் இருபது வயதில் எய்திய இடத்தைத் தம் மகன் பத்து வயதிலேயே எய்திவிட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அவர் மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, தாமே ஆசிரியரானார். மூன்றாம் வயதில் ஜானுக்குக் கிரேக்க மொழிப் பயிற்சி தொடங்கிற்று. சிறு அட்டைத் துண்டுகளில் கிரேக்கச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் எழுதித் தந்தை கொடுப்பார். மகன் அவற்றை மனப்பாடம் செய்வான். முதலில் ஈசாப்பின் கதைகள் பாடமாயின. எட்டு வயது நிரம்புவதற்குள் செனபன், எரோடோட்டசு முதலியோரின் நூல்களையும், பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறினையும் அச்சிறுவன் கிரேக்க மொழியிலேயே படித்திருந்தான். பிளேட்டோவின் உரையாடல்களுள் ஒன்று தனக்கு விளங்கவே இல்லை என்றும், அதனைத் தன்னிடம் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் பிற்காலத்தில் அவர் எழுதினார். எட்டாம் வயதில் இலத்தீன் தொடங்கப்பெற்றது.

அந்நாளில் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அவர்கள் கையில் இல்லை. இலத்தீனில் பொருள் கூறும் அகராதியே இருந்தது. சிறுவனோ அப்பொழுது இலத்தீன் அறியான். ஆதலின், தெரியாத சொல் ஒவ்வொன்றிற்கும் தந்தையையே கேட்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். ஒரு பக்கத்தில் மகன் கிரேக்கம் பயில, மறுபக்கத்தில் தந்தை இந்திய நாட்டு வரலாற்றைப் பெருநூலாக எழுதிக்கொண்டிருந்தார். இயல்பாகவே பொறுமை குறைந்த அவர், எழுத்துக்கு நடுவே அடிக்கடி எழுந்த அக்கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே அந்நூலை எழுதி முடித்தார். 1817ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது, கைப்படியைப் படித்துக் காட்டி அச்சுத் தாள்களைத் திருத்த உதவியவன் பதினொரு வயதுச் சிறுவனாகிய ஜானே. இந்திய மண்ணை மிதித்தறியாத, இந்திய மொழி ஒன்றையும் கல்லாத ஒருவர் எழுதிய அவ்வரலாறு, நம் நாட்டை ஆள வந்த ஆங்கில அலுவலர் பலருக்குப் பாடநூலாயிற்று என்பதை இடையே நினைவிற் கொள்க. நூலறிவு மிக்கவரும் கண்ணாற் காணாதவற்றில் பிழைபடுவர்.

காலை உணவுக்கு முன்னர்த் தந்தையும் மகனும் ஊர்ப்புறத்துப் பசும்பாதைகளில் உலாவச் செல்வர். அதுவும் பாடவேளையே. முந்திய நாள் படித்தவற்றைச் சிறு தாள்களில் குறித்துவைத்துக்கொண்டு, நடந்தபடியே ஜான் தந்தைக்கு எடுத்துரைப்பான். மாலையில் கணக்கு. அது அவனுக்கு வெறுப்பான பாடம். தம்பி தங்கையர் வளர வளர, அவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பும் அவன்மீது விழுந்தது. அவர்கள் தவறு செய்தால் அதற்கும் அவனே விடை கூற வேண்டும். 1817ஆம் ஆண்டில் அக்குடும்பத்தாரோடு சில நாள் தங்கியிருந்த பிரான்சிஸ் பிளேஸ் என்னும் நண்பர், தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கடிதத்தில் குறித்துள்ளார். ஒரு சொல்லில் தவறியதற்காகத் தங்கையர்க்கு மாலை வரை உணவு நிறுத்தப்பட்டது; அவர்கள் பாடத்தை அறிந்துவிட்டனர் என்று ஒப்புக்கொண்டதற்காக ஜானுக்கும் அதே தண்டனை கிடைத்தது.

விடுமுறை என்பது அவ்வீட்டில் இல்லை. விடுமுறை விட்டால் உழைக்கும் பழக்கம் குலைந்து சோம்பலில் சுவை பிறந்துவிடும் என்று தந்தை அஞ்சினார். தன் வயதுச் சிறுவரோடு கலந்து விளையாடவும் ஜானுக்கு வாய்ப்பில்லை. பந்து எறியவோ மரம் ஏறவோ அவன் கற்கவில்லை. பன்னிரண்டாம் வயதில் அரிஸ்டாட்டிலின் அளவை நூல் அவன் கைக்கு வந்தது. பதின்மூன்றாம் வயதில் ரிக்கார்டோவின் பொருளாதாரக் கொள்கைகளைத் தந்தை உலாவும்போது விளக்கினார். மறுநாள் ஜான் அதனைக் கட்டுரையாக எழுதிக் காட்டுதல் வேண்டும். தெளிவும் நிறைவும் பெறும்வரை திரும்பத் திரும்ப எழுதுதல் வேண்டும். அக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டே ஜேம்ஸ் மில் பின்னர்ப் பொருளாதார நூல் ஒன்றை இயற்றினார்.

ஜேம்ஸ் மில்லைக் குருட்டு மனப்பாடம் செய்வித்த கொடிய ஆசிரியர் என்று எண்ணிவிடுதல் கூடாது. நெஞ்சில் சொற்களைத் திணிக்கும் கல்வியை அவர் வெறுத்தார். சிந்தித்துக் கண்டறியத்தக்க எதனையும், மகன் தானே முயன்று தோற்கும் வரையில், அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. இராபின்சன் குரூசோவின் கதையைச் சிறுவன் ஆவலோடு படித்தான். அராபியக் கதைகள் போன்றவற்றைத் தந்தையே இரவலாக வாங்கித் தந்தார். ஆகவே, ஜான் பெற்ற கல்வி சிறந்த கல்வியே. தம் காலத்தவரைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகவே தாம் வாழ்க்கையைத் தொடங்க அது உதவியது என்று அவரே கணக்கிட்டுக் கூறியுள்ளார். அங்ஙனமாயின் குறை எங்கே இருந்தது? கற்பித்த பொருளில் இல்லை; கற்பித்த முறையிலும் பெரிதாக இல்லை. அறிவு ஒன்றைத் தவிரச் சிறுவனிடம் வேறு எதனையும் தந்தை காணவில்லை என்பதில் இருந்தது. அன்பைச் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்தக் கூசியவர் அவர். பிள்ளைகள் அவரை மதித்தனர், அஞ்சினர்.

பதினான்காம் வயதில், 1820ஆம் ஆண்டில், ஜானுக்கு ஒரு விடுதலை கிடைத்தது. சட்ட அறிஞர் பெந்தத்தின் தம்பி குடும்பத்தோடு அவன் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினான். அங்கும் பாடங்கள் தொடர்ந்தன. எனினும், பிரனீசு மலைகளின் தோற்றம் அவன் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அவ்வீட்டு இளைஞர் ஜார்ஜ் பெந்தம் செடிகொடிகளை ஆராய்வதில் வல்லவர். அவரிடமிருந்து செடி சேர்க்கும் பழக்கம் ஜானைப் பற்றிக்கொண்டது. பயன் கருதாமல் தன் விருப்பத்தால் அவன் மேற்கொண்ட முதற்பழக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாடு திரும்பியபின் உழைப்பு இரு மடங்காயிற்று. 1823ஆம் ஆண்டில், பதினேழு வயதில், தந்தை பணிபுரிந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்திலேயே எழுத்தராக அமர்ந்தார். வாரத்தில் இருமுறை காலை எட்டரை முதல் பத்து மணிவரை நண்பர்களோடு கூடி நூலாராய்ச்சி, பின்னர் அலுவலகம், மாலையில் சொற்போர்க் கழகம், இதழ்களுக்குக் கட்டுரைகள், இடையில் ஜெர்மன் மொழி. இவை போதாவென்று, 1825ஆம் ஆண்டளவில் பெந்தம் தம் கையெழுத்துப் படிகளை அவரிடம் ஒப்படைத்தார். நீதிமன்றச் சான்றுகளைப் பற்றி வெவ்வேறு காலங்களில் மும்முறை எழுதித் தொடங்கப்பட்ட குவியல் அது. அதனை ஒழுங்குபடுத்தி, கிளைத்துக் கிடந்த நெடிய சொற்றொடர்களை அவிழ்த்து, விடுபட்டவற்றை நிரப்பி ஒரே நூலாக்கும் வேலை ஓராண்டுக்கால ஓய்வுவேளை முழுவதையும் விழுங்கிவிட்டது. அந்நூல் 1827இல் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதனைச் செப்பனிட்டவருக்கு அப்பொழுது வயது இருபதே.

1826ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவருக்கு ஒரு மந்தநிலை ஏற்பட்டது. மற்ற நாட்களில் இன்பம் தந்தவை சுவையற்றுத் தோன்றின. அக்காலத்தில் அவர் வாழ்வுக்கு ஒரே குறிக்கோள் இருந்தது. சட்டங்களையும் சமுதாய அமைப்பையும் சீர்திருத்தி மக்கட்குலத்தின் இன்பத்தைப் பெருக்க வேண்டும் என்பதே அது. ஒரு நாள் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நாம் விரும்பும் மாறுதல்கள் யாவும் இந்நொடியே நிறைவேறிவிட்டன என்று வைத்துக்கொண்டால், நம் உள்ளம் பெருமகிழ்ச்சி அடையுமா? ‘அடையாது’ என்ற விடை உள்ளிருந்து தெளிவாக எழுந்தது. அவ்வளவில் அவர் வாழ்வைத் தாங்கி நின்ற அடித்தளம் சரிந்துவிட்டது. எதற்காக இத்தனை ஆண்டுகள் உழைத்தாரோ அதுவே வேண்டாததாகிவிட்டது. எஞ்சி நின்றது உழைப்பு மட்டுமே.

இரவு உறங்கி எழுந்தால் தெளியும் என்று எண்ணினார், தெளியவில்லை. தமக்கு இனிய நூல்களை எடுத்துப் பார்த்தார்; பழைய உணர்ச்சி பிறக்கவில்லை. ஆயினும், வெளியார் எவரும் எந்த மாறுதலையும் காணவில்லை. அவர் வழக்கம்போல் அலுவலகம் சென்றார், கட்டுரை எழுதினார், கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். பழக்கத்தின் விசையால் எந்திரம்போல் யாவும் நடந்தன. அக்கழகத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து பேசிய அவருக்கு, அந்த ஓர் ஆண்டில் பேசியது மட்டும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒன்றுமே நினைவில் இல்லை. நன்றாகப் படிக்கும் மாணவனிடம் இச்சோர்வைக் கண்டுகொள்வது அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. அவனுடைய மதிப்பெண்கள் நெடுநாள் வரை குறைவதில்லை. குறைந்து வருவது வேறொன்று.

யாரிடமேனும் சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தந்தையே இயல்பாக நினைவுக்கு வர வேண்டியவர். ஆனால், துன்பவேளையில் நாடத்தக்க கடைசி மனிதராகவே அவர் மகனுக்குத் தோன்றினார். அவர் இதனைப் புரிந்துகொள்ளமாட்டார். புரிந்துகொண்டாலும் அதற்கு மருந்து அறியார். தாம் பாடுபட்டு அளித்த கல்வி இப்படி முடிந்தது என்று அவரை வருந்தச் செய்வதில் பயன் என்ன என்று மகன் எண்ணினார். மனம்விட்டுப் பேசத்தக்க நண்பர் எவரும் அப்பொழுது தமக்கு இல்லை என்றும் அவர் நினைத்தார். படிப்பில் தோழர் பலர் இருந்தனர். விளையாட்டுத் தோழர் ஒருவரும் இருந்ததில்லை அன்றோ? அக்குளிர்காலம் முழுவதும் அவர் தனியாகவே அப்பாரத்தைச் சுமந்தார். இவ்வாறே வாழ வேண்டுமாயின் ஓராண்டுக்கு மேல் தம்மால் தாங்க இயலாது என்று எண்ணும் அளவுக்கு அவர் நொந்துபோனார்.

இசை சிறு ஆறுதல் அளித்தது. வேபர் என்னும் ஜெர்மானியர் இயற்றிய இசைநாடகத்தை முதன்முறை கேட்டபோது அவர் மனம் சிறிது குளிர்ந்தது. ஆனால், அதிலும் ஒரு கவலை புகுந்தது. இசைக்கு உரிய சுரங்களோ சில; அவற்றைக் கூட்டி அமைக்கும் வகைகளும் ஒரு கணக்குக்கு உட்பட்டவை; அவற்றுள் இனியவை சிலவே; ஒரு காலத்தில் இசையெல்லாம் தீர்ந்துபோகுமே என்று அவர் கவலையுற்றார். இதனைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. பின்னாளில் அவரும் இதனை நினைத்து நகைத்தவர்தாம். கேட்கும் பாட்டைக் கேளாமல் கணக்குப் போடும் அறிவு, எத்துணைக் களைத்திருக்க வேண்டும்!

இந்நிலைக்குக் காரணம் என்ன? அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான அலெக்சாண்டர் பெயின், மூளைக்கு அளவு கடந்த வேலை கொடுத்ததே காரணம் என்று கருதினார். மில்லின் கருத்து சற்று வேறு. பொருள்களைக் கூறு கூறாகப் பிரித்து ஆராயும் பழக்கம் ஒன்றே தம்மிடம் வளர்க்கப்பட்டது. விருப்பையும் அன்பையும் வியப்பையும் வளர்க்கும் பயிற்சி இல்லாமற் போனது. வேரை அரித்துவிட்டு மரம் தளிர்க்கவில்லையே என்று பார்த்திருந்தோம் என்பது அவர் கண்ட விளக்கத்தின் சாரம். இரண்டு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பன என்று கொள்ள வேண்டுவதில்லை. சுமை மிகுந்திருந்தது, சுமப்பவனுக்குச் சுமையின் மீதிருந்த ஆசையும் போய்விட்டது.

மில்லின் காலத்தில் இந்நிலைக்குத் தனிப்பெயர் இல்லை. 1974ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த மனநூல் அறிஞர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் இரவுபகலாகத் தொண்டு புரிந்தோர் நாளடைவில் உடலும் மனமும் தீய்ந்து நிற்பதைக் கண்டு, எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தார். சோம்பியிருந்தவர்கள் அல்லர், ஆர்வத்தோடு வந்தவர்களே முதலில் எரிந்து தீர்ந்தனர் என்பது அவர் கண்டது. 1981ஆம் ஆண்டில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்பவரும் அவர் துணைவரும் இந்நிலையை அளந்தறிய ஒரு வினாநிரலை வகுத்தனர். பின்னர், 2002ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து நாட்டு மாணவரிடம் அதே முறையில் ஆராய்ந்தனர். ஆற்றல் வற்றிப்போதல், படிப்பினால் என்ன பயன் என்னும் கசப்பு, ‘என்னால் ஒன்றும் இயலாது’ என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் மாணவரிடத்தும் அவர்கள் தேடிய அடையாளங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்ற பட்டியல், தொழில் செய்வோரிடம் காணும் இந்நிலையைக் குறிப்பிடுகின்றது. நோய் என்று அதனை வகுக்கவில்லை. மேற்சொன்ன மூன்றனுள் இரண்டாவதாகிய கசப்பே மிகவும் இரங்கத்தக்கது என்பது என் எண்ணம். களைத்தவன் இளைப்பாறினால் எழுவான். கசந்தவனுக்கோ எழுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

மில்லுக்கு அக்காரணம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. ஏறத்தாழ ஆறு திங்கள் கழிந்தபின், மார்மொண்டெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புகளை அவர் தற்செயலாகப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இறந்துவிடக் குடும்பம் கதறுகின்றது. சிறுவனாகிய மார்மொண்டெல், இனி உங்களுக்கு எல்லாமாகவும் நான் இருப்பேன் என்று உறுதி கொள்கின்றான். அக்காட்சி மில்லின் கண்முன் நின்றது. அவர் அழுதார். அக்கண்ணீரோடு பாரமும் குறையத் தொடங்கிற்று. தம் உள்ளம் மரக்கட்டையாகிவிட்டது என்று அஞ்சியிருந்தவர், அங்ஙனம் ஆகவில்லை என்பதைத் தம் கண்ணீரால் அறிந்துகொண்டார். எத்தனையோ தத்துவ நூல்களால் ஆகாத செயலை ஒரு சிறுவனின் கதை செய்துவிட்டது.

உடனே முற்றும் தெளிந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பழைய சோர்வு பலமுறை திரும்பி வந்தது. சில வேளைகளில் திங்கள் கணக்கில் நீடித்தது. ஆனால், முதலில் இருந்த அளவு நம்பிக்கையின்மை மீண்டும் வரவில்லை. சிறிது சிறிதாக வெயிலிலும் வானத்திலும் நூல்களிலும் உரையாடலிலும் அவருக்கு மகிழ்ச்சி பிறந்தது. 1828ஆம் ஆண்டில் வொர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை முதன்முறை படித்தார். பைரனின் பாடல்களில் தம் துயரையே கண்டு சலித்திருந்த அவருக்கு, மலையையும் புல்வெளியையும் எளிய மக்களையும் அமைதியாக நோக்கும் இக்கவிதைகள் மருந்தாயின. பதினான்கு வயதில் கண்ட பிரனீசு மலைகள் அவர் நெஞ்சில் மீண்டும் எழுந்தன.

இவ்வனுபவத்தால் மில் கல்வியை வெறுத்துவிடவில்லை. ஆராயும் அறிவையும் கைவிடவில்லை. அதனோடு உணர்ச்சியையும் வளர்க்க வேண்டும் என்று துணிந்தார். இன்பத்தைப் பற்றிய அவர் கருத்தும் மாறியது. இன்பமே குறி என்று அதனைத் துரத்துவோர்க்கு அது கிடைப்பதில்லை. பிறர் நலத்திலோ, கலையிலோ, தமக்கு விருப்பமான வேறொரு செயலிலோ மனம் தோய்ந்திருப்பவரையே அது வழியில் வந்து சேர்கின்றது என்று அவர் உணர்ந்தார். தேர்வு மதிப்பெண்ணையே கண்ணாகக் கொண்டு படிக்கும் மாணவர்க்கும் இக்கருத்துப் பொருந்தும் என்றே தோன்றுகின்றது. கணக்கில் ஈடுபட்டவனுக்கு மதிப்பெண்ணும் வருகின்றது. மதிப்பெண்ணில் மட்டும் ஈடுபட்டவனுக்குக் கணக்கு வருவதில்லை.

எல்லோருக்கும் தக்க சமயத்தில் ஒரு மார்மொண்டெல் கிடைப்பார் என்று காத்திருத்தல் இயலாது. மில் பட்ட துன்பத்துள் பாதி, அவர் எவரிடமும் வாய் திறவாமையால் விளைந்தது. தாயிடமோ, ஓர் ஆசிரியரிடமோ, தேவையாயின் மருத்துவரிடமோ அவர் மனம் திறந்திருந்தால் அக்குளிர்காலம் அத்துணை நீண்டிராது. நம் வீடுகளில் பிள்ளைகள் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், ‘படிக்காமல் தப்ப வழி தேடுகிறான்’ என்ற ஒரு சொல்லே. அச்சொல்லைப் பெரியோர் விட்டொழித்தல் வேண்டும்.

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பதால் ஊதியம் உண்டு என்னும் நம்பிக்கையையும் அறிவியல் ஆதரிக்கவில்லை. ஜெர்மனியில் எபிங்காஸ் என்னும் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரே மூச்சில் பலமுறை உருப்போடுவதைவிடச் சில நாட்களுக்குப் பகிர்ந்து படித்தால் குறைந்த முயற்சியே போதும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெங்கின்சு, டாலன்பாக் என்னும் இருவர் வேறொரு சோதனை செய்தனர். இரண்டு மாணவர்கள் அசைகளைக் கற்றபின், சில வேளைகளில் உறங்கினர்; சில வேளைகளில் விழித்திருந்தனர். அதே அளவு நேரம் சென்றபின் கேட்டபோது, விழித்திருந்த வேளையைவிட உறங்கிய வேளையில் அவர்கள் மறந்தது குறைவாக இருந்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் உறக்கம் நினைவுக்குத் துணை என்பதையே வலியுறுத்துகின்றன. நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் மாணவன் பாடத்தைக் கைவிட்டவன் அல்லன். அதன் மறுபாதியைச் செய்யச் செல்கின்றான்.

மில் பிற்காலத்தில் எழுதிய அளவை நூலும், பொருளாதார நூலும், உரிமையைப் பற்றிய சிறு நூலும் உலகப் புகழ் பெற்றன. 1865 முதல் 1868 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்து, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினார். 1867ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழக மாணவர்களின் முன் கல்வியைப் பற்றி ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். அறிவுக் கல்வி, ஒழுக்கக் கல்வி என்னும் இரண்டையும் விளக்கியபின், மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். கவிதையாலும் கலைகளாலும் உள்ளத்தைப் பண்படுத்தும் கல்வியே அது; மனிதன் நிறைவு பெறுவதற்கு மற்ற இரண்டையும்விட அது குறைந்த தேவையுடையதன்று என்றார். அங்கிருந்த இளைஞர் பலர், அவருடைய இருபதாம் வயதுக் குளிர்காலத்தைப் பற்றி ஒன்றும் அறியார். அவருடைய வாழ்க்கை வரலாறு அவர் மறைவுக்குப் பின்னர், 1873ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

பிரான்சில் சிறுவனாகக் கற்ற செடி சேர்க்கும் பழக்கத்தை அவர் இறுதிவரை விடவில்லை. அலுவலகத்து ஓய்வு நாட்களில் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் நடப்பார். தாம் கண்ட செடிகளைப் பற்றிச் செடிநூல் இதழ் ஒன்றில் சிறு குறிப்புகள் எழுதுவார். அவர் உலர்த்திச் சேர்த்துவைத்த செடிகளுள் ஒரு பகுதி இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தைச் சென்றடைந்தது. முதுமையில் அவர் தென்பிரான்சில் உள்ள அவினியோன் நகரில் வாழ்ந்தார். அங்கே பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து புகழ்பெற்ற பாபர் என்பவர் அவருக்கு நண்பரானார். 1873ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அறுபத்தாறு வயது நிரம்பிய மில், ஆரஞ்சு என்னும் ஊர்ப்பக்கத்தில் பாபரோடு ஏறத்தாழ 15 மைல் தொலைவு செடிகளைத் தேடி நடந்தார். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டு சில நாட்களில் உயிர் நீத்தார். அன்றைய நடையில் ஒப்பிக்க வேண்டிய பாடம் ஒன்றும் இல்லை. அவர் கைப்பெட்டியில் இருந்தவை அவ்வூர் வெயிலில் பூத்த செடிகளே.